ஓரத்தை மட்டும் பிடிங்க

தம்புள்ளையிலிருந்து மாத்தளைக்கு வந்த பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் ஒரு ஸ்டூடியோக்காரர். இருட்டில் வேலை செய்து பழகியதாலோ என்னவோ, சட்டைப் பையில் டிக்கெட் தேடும்போதுகூடக் கண்ணை மூடிக்கொள்வார். மடியில் தட்டையான ஒரு பெட்டி.

"பெரிய கேமரா பிலிமுங்க. ஒரு ஸ்கூல் பிள்ளைங்க எல்லாரையும் எடுத்திருக்கேன், இன்னும் கழுவல. வெளிச்சம் பட்டா ஒரு முகமும் மிஞ்சாது," என்றார்.

நாலந்தா செக் பொயின்டில் எல்லோரையும் இறக்கினார்கள். பெட்டியைத் திறக்கச் சொன்னான் ஆமிக்காரன். யுத்தம் நடந்த அந்த நாட்களில் மறுத்துப் பேசுவது லேசான காரியமா?

இவர் மறுக்கவில்லை. கை நுழைக்க இரண்டு சட்டைக்கை வைத்துத் தைத்த, வெளிச்சம் புகாத கறுப்புப் பையை எடுத்து, பெட்டியை உள்ளே வைத்து ஜிப்பை இழுத்தார்.

"நீங்களே உள்ளுக்குள்ள திறந்து தடவிப் பாருங்க, மல்லி. ஓரத்தை மட்டும் பிடிங்க," என்று சிங்களத்தில் சொன்னார். மல்லி என்றால் தம்பி; சொந்தத் தம்பியிடம் சொல்வது போலத்தான் இருந்தது.

அவன் துப்பாக்கியை முதுகுக்குத் தள்ளிவிட்டு, முழங்கை வரை கைகளை நுழைத்தான். தடவத் தடவ அவன் கண்கள் தாமாக மூடிக்கொண்டன. இருபது வயதுகூட இருக்காது என்பதை அப்போதுதான் கவனித்தேன். பையைத் தாங்கியிருந்த இவரும் கண்ணை மூடியிருந்தார்.

"மூடியை நல்லா அழுத்திட்டுக் கையை எடுங்க."

அப்படியே செய்தான்.

பஸ் நகர்ந்ததும் இவர் சொன்னார்: "நல்ல புள்ள. ஓரத்துலதான் பிடிச்சுச்சு."

அது எப்படித் தெரிந்ததோ, இன்றுவரை எனக்குப் புரியவில்லை. கண் திறந்திருந்த எங்களுக்கு அந்தத் துப்பாக்கி மட்டும்தான் தெரிந்தது.