சிவப்புக் கோட்டுக்குக் கீழே மேனேஜர்

இன்று காலை பாசஞ்சர் ரயில் நேமம் ஸ்டேஷனில் சிக்னலுக்காக நாற்பது நிமிடம் நின்றது. அதில் வரும் எங்கள் ஆபீஸ்காரர்கள் ஆறு பேரும் ஜன்னல் வழியே சிக்னலையே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

பத்தேகாலுக்கு ரிஜிஸ்டரில் சிவப்புக் கோடு விழுந்துவிடும். மாதத்தில் மூன்று தடவை கோட்டுக்குக் கீழே கையெழுத்துப் போட்டால் அரை நாள் லீவு போச்சு. எனக்கு ஏற்கெனவே இரண்டு ஆகிவிட்டது. மிச்சமிருந்த ஒரே அரை நாளை மகளின் ஸ்கூல் மீட்டிங்குக்கு வைத்திருந்தேன்.

வண்டி தாமதமாவதைப் புது மேனேஜரிடம் போன வாரமே சொல்லிப் பார்த்தோம்.

"வண்டி லேட்டுன்னு என்னிட்ட பறையண்டா. நேரத்தே எறங்கணும்" என்றார் மலையாளம் கலந்து; சாக்குச் சொல்லாமல் வீட்டிலிருந்து சீக்கிரம் கிளம்ப வேண்டுமாம்.

இன்று அவருடைய ஸ்கூட்டர் ஒர்க்‌ஷாப்பில். நெய்யாற்றின்கரையில் எங்கள் பெட்டியிலேயே ஏறினார். நேமத்தில் நின்ற நேரமெல்லாம் எங்கள் முகத்தைப் பார்க்காமல் வாட்சையே பார்த்துக்கொண்டிருந்தார்.

தம்பானூர் ஸ்டேஷனில் இறங்கி எல்லோரும் ஆபீஸுக்கு ஓடினோம். அவரும்தான்.

ஆபீஸில் கோடு விழுந்திருந்தது. மேனேஜர் அதற்கு மேலே கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தார்.

"சாரே, கோடு போட்டாச்சு. ஒப்பு அதுக்குக் கீழ" என்றார் அட்டெண்டர் சசி அண்ணன். குரலை உயர்த்தவே இல்லை.

மேனேஜர் பேனாவைக் கீழே நகர்த்தினார். அங்கேயே கையெழுத்துப் போட்டார். எங்கள் ஆறு பேரையும் போடச் சொன்னார். பழைய கோட்டை அடித்துவிட்டு, கடைசிக் கையெழுத்துக்குக் கீழே தானே புதுக் கோடு இழுத்தார்.

"இனி வண்டி வந்தப்புறம் கோடு போட்டா மதி, அது போதும், கேட்டோ சசி."

என் அரை நாள் தப்பித்தது.

மேனேஜரின் ஸ்கூட்டர் வெள்ளிக்கிழமை கிடைத்துவிடுமாம். அந்த மெக்கானிக்கை யாருக்காவது தெரிந்தால் அவரிடம் சொல்லுங்கள், அவசரமே இல்லை, நிதானமாகப் பார்க்கட்டும்.