வேப்பமரத்துக்கு வெறும் தண்ணீர்

காலடி மண் சொதசொதவென்று ஈரமாக இருக்கும்போதே ஒரு மரம் தண்ணீரில்லாமல் வாடும் என்றால் நம்புவீர்களா?

மோகனா உங்களை நம்பச் சொல்லமாட்டார். பச்சை உருளைக்கிழங்கை விரல் நீளத்துக்கு நறுக்கி, "வளைச்சுப் பாருங்க" என்று கையில் கொடுப்பார். ராசா என்னும் ஊரில் ஓர் இடைநிலைப்பள்ளியில் உயிரியல் ஆசிரியை. காய்கறிப் பசாரில் வெண்டைக்காயோ பயற்றங்காயோ, வளைத்துப் பார்க்காமல் பையில் போடமாட்டார். "டீச்சர், வாங்க வந்தீங்களா, பரீட்சை வைக்க வந்தீங்களா?" என்று கடைக்காரர் புனிதன் அலுத்துக்கொள்வார். "ரெண்டுக்கும்தான் லா. உன் வெண்டைக்கா ஃபெயில்."

வெள்ளிக்கிழமைகளில், செண்டாயான் ஊரைத் தாண்டியிருக்கும் செம்பனை எண்ணெய்த் தோட்டத்து மாரியம்மன் கோயிலுக்கு வருவார். அது ரப்பர் தோட்டமாக இருந்த காலத்தில் அவருடைய பெற்றோர் அங்கே பால்மரம் சீவியவர்கள். தொழிலாளர்கள் குடியிருந்த லயன் வீடுகளை இடித்துவிட்டார்கள். கோயிலும் அதன் முன்னே ஓர் இளம் வேப்பமரமும் மிச்சம்.

சில மாதங்களுக்கு முன் கோயில் தலைவர் கணேசமூர்த்தி, அபிஷேகத் தண்ணீர் சாக்கடையில் கலக்கக் கூடாதென்று சிமெண்டு வாய்க்கால் கட்டி, அதை மரத்தடிக்குத் திருப்பிவிட்டார். தேன், கரும்புச்சாறு, பஞ்சாமிர்தம் எல்லாம் வேருக்கு இறங்கின. இலைகள் தொங்கின. அம்மனுக்குக் கோபம் என்று பயந்த பக்தர்கள் சர்க்கரைப் பாகான ரோஸ் சிராப்பையும் பாட்டில் பாட்டிலாகக் கவிழ்த்தார்கள். மரம் மேலும் வாடியது. பிறகென்ன, வழக்கம்போலப் பழி சுமக்க ஒரு பெண்ணைத் தேடினார்கள். மரத்தடியைத் தினமும் கூட்டிப் பெருக்கும் ராக்கம்மா கிடைத்தார். கணவனை இழந்தவர். போதாதா? அவர் கை பட்டதுதான் காரணம் என்று துடைப்பத்தைப் பிடுங்கிக்கொண்டு, கோயில் வாசலை மிதிக்காதே என்றார்கள். மனிதன் நிலவுக்குப் போய்வந்து அரை நூற்றாண்டு ஆன பிறகு!

அடுத்த வெள்ளிக்கிழமை மோகனா இரண்டு கிண்ணங்களோடு வந்தார். ஒன்றில் குழாய்த் தண்ணீர், மற்றதில் வாய்க்காலில் ஓடிவந்த அபிஷேகத் தண்ணீர். இரண்டிலும் உருளைக்கிழங்குத் துண்டுகளைப் போட்டு வைத்தார். சாமி கும்பிடாத நானும் அன்னதானச் சாப்பாட்டுக்காக அங்கே இருந்தேன். பூசையும் பந்தியும் முடிந்தபின் துண்டுகளை எடுத்துத் தலைவரிடம் நீட்டினார். குழாய்த் தண்ணீரில் ஊறியது படக்கென்று ஒடிந்தது. மற்றது செருப்பு வார் மாதிரித் துவண்டு வளைந்தது.

"ஏன் டீச்சர் இப்படி?"

"கிழங்குக்கு உள்ள இருக்குறதவிட வெளிய சர்க்கரை கூட, தலைவரே. அதனால உள்ள இருந்த தண்ணி வெளிய போயிடுச்சு. வேருக்கும் அதேதான். நீங்க குடிக்கக் குடுக்கல, அதுகிட்ட இருந்ததையும் உறிஞ்சிட்டீங்க."

"பக்தியில செஞ்சது லா..."

"தெரியும். ஆனா இந்தக் கிழங்க எந்த விதவையும் தொடல. நான்தான் நறுக்குனேன். எங்க வீட்டுக்காரர் சோபாவுல படுத்து டிவி பார்த்துக்கிட்டிருக்காரு. அப்புறம் ஏன் வாடுச்சு?"

சுற்றி நின்றவர்கள் எல்லாரும் சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. துவண்ட துண்டைத் தாமும் ஒருமுறை வளைத்துப் பார்த்தார். பிறகு தாமே செங்கல் எடுத்துவந்து வாய்க்காலை அடைத்தார். மண்ணில் ஊறிய சர்க்கரையைக் கழுவ வாளி வாளியாக வெறும் தண்ணீர் ஊற்றவேண்டும் என்றார் மோகனா.

"ஊத்திடுவோம். மரம் துளிர் விடட்டும், ராக்கம்மாவக் கூப்பிட்டுக்கலாம்."

மோகனா தூக்கிய வாளியைக் கீழே வைத்தார்.

"துளிர் விட்டா, அம்மன் மன்னிச்சிட்டாள்னு சொல்வீங்க. விடலன்னா மறுபடியும் ராக்கம்மா தலையிலதான் பழியப் போடுவீங்க. இப்பவே கூப்பிடுங்க. நீங்களே போங்க, தலைவரே."

கணேசமூர்த்தி கார் சாவியை எடுத்தார். தவறு என்று தெரிந்ததும் கிளம்பினாரே, அந்த மனிதருக்கும் நன்றி சொல்லத்தான் வேண்டும். ஆனால் என் பெரிய நன்றி மோகனாவுக்கு. கோபப்பட மட்டுமே தெரிந்த என்னைப் போன்றவர்களால் ஆகாததை அவர் ஒரு கிழங்கால் செய்து முடித்தார்.

கார் திரும்பி வந்தது. ராக்கம்மா இறங்கி வாசலில் தயங்கி நின்றார். மோகனா நிரம்பியிருந்த வாளியின் கைப்பிடியை அவர் பக்கம் திருப்பி வைத்துவிட்டு விலகி நின்றார்.

மரம் பிழைக்குமா என்று இன்னும் சொல்ல முடியவில்லை. ராக்கம்மா தினமும் கூட்டுகிறார்.

உங்கள் கோயிலிலும் இப்படி யாரையேனும் வாசலுக்கு வெளியே நிறுத்தியிருந்தால், துளிருக்காகக் காத்திருக்காதீர்கள். இந்த வெள்ளிக்கிழமையே நேரில் போய் அழைத்து வாருங்கள்.