ஒருத்தி மட்டும் ‘வாங்க’ என்றாள்

யுத்தம் தொடங்கிய வருஷம், கார்த்திகை மாதம். காலை ஆறு மணிக்கு நாமக்கல்லில் பஸ் ஏறினேன். சேந்தமங்கலத்துக்கு ஏழு மைல், இரண்டணா. அங்கே மிளகு வியாபாரி காதர் பாய் துணைக்குச் சேர்ந்துகொண்டார். காரவள்ளி அடிவாரம் வரை மாட்டுவண்டி, ஆறணா. அதற்கு மேல் நடைதான். தூறலும் அட்டைக்கடியுமாகக் கொல்லிமலை ஏறுவதற்குள் போதும் போதுமென்றாகிவிட்டது.

பகல் ஒரு மணிக்கு மலைமேல் வாழவந்தி நாடு என்ற பகுதியில் ஒரு சிற்றூரை அடைந்தோம். ஆண்கள் வாசல்களில் குந்தியிருந்தார்கள். ஒருவர்கூட ‘வாங்க’ என்று சொல்லவில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“என்ன பாய், இதுதான் உங்க மலைக்காரங்க மரியாதையா?”

பாய் என் கையை அழுத்தினார். “சும்மா இருங்க. எந்த ஊட்டுலயும் அடுப்புப் புகையைக் காணோம், பாருங்க. ஏதோ துக்கம்.”

ஒரே ஒரு கூரையில் மட்டும் புகை எழுந்தது. அந்த வீட்டுக்காரி சிரித்தபடி வந்தாள்.

“வாங்க பாய், வாங்க சாமி! இவங்களுக்கெல்லாம் இன்னிக்கு என்னமோ பேச்சே இல்லீங்க. சேலத்துல எம்பட சின்னவனப் பாத்தீங்களா?”

“இந்தத் தடவை சேலம் போகலீங்க” என்றார் பாய்.

இலை போட அவள் உள்ளே போனதும் ஒருவர் எங்களிடம் வந்தார். “சின்னவன் போயிட்டானுங்க. மரக்கடையில மரம் சரிஞ்சுட்டுது. பொணம் ராசிபுரம் வழியா வந்துட்டிருக்குது. அவளுக்கு நெஞ்சு நோவு. மலைக்கு அந்தப் பக்கம் குண்டூர் நாட்டிலிருந்து பெரியவன் வந்து பக்கத்துல உக்காந்த பொறவு சொல்லலாம்னு இருக்கறோம். காட்டிக்காதீங்க சாமி.”

சாமைச் சோறு போட்டாள். சேலத்து அரிசிச் சோறு தின்று சின்னவனுக்கு இப்போது சாமை ஆகாதாம், திட்டினாள், சிரித்தாள். அடக் கடவுளே, எனக்கு ஒரு கவளம் இறங்கவில்லை. பாயோ மிளகுப் பேச்சுப் பேசி, மறுசோறும் கேட்டு வாங்கினார். என்ன நெஞ்சழுத்தமோ மனிதருக்கு!

மூன்று மணிக்கு எழுந்தோம். பாய் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வாசலிறங்கி நடந்தார். பின்னாலேயே நானும். சாவு வீட்டில் யார் சொல்லிக்கொண்டு கிளம்புகிறார்கள்?

“ஏனுங்க பாய், சொல்லிக்காமப் போறீங்க?” என்றாள் அவள்.

பாய் அப்படியே நின்றுவிட்டார். “போய்ட்டு...” என்றார். திரும்பவேயில்லை.

அவள் பாயின் முதுகைப் பார்த்தாள். பிறகு வாசலிலிருந்த ஆண்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

“பெரியவனா, சின்னவனா?” என்று கேட்டாள்.

பக்கத்தில் உட்கார வேண்டிய பெரியவன் இன்னும் வந்து சேரவில்லை.