இறந்தோர் வரிசையில் வாசிக்கப்பட்டவர்

இருபது ஆண்டுகளாகப் படிவங்கள் செய்து பிழைக்கிறேன். தட்டாஞ்சாவடியில், பிளாஸ்டிக் வாளி வார்க்கும் பட்டறை ஒன்றின் மாடியில் எங்கள் அலுவலகம். கீழே இயந்திரம் அழுந்தும்போதெல்லாம் என் மேசைமேல் இருக்கும் குவளை நீரில் வளையம் எழும். பிரான்ஸிலுள்ள பல் மருத்துவர்களுக்கும் சிறு விடுதிக்காரர்களுக்கும் அங்கிருந்தபடி இணையதளங்கள் அமைத்துக் கொடுக்கிறோம். பெயர், மின்னஞ்சல், வர விரும்பும் நாள், எத்தனை பேர் என்பவற்றை மனிதர்கள் எளிதில் நிரப்பும்படி கட்டங்கள் போடுவது என் வேலை. தமிழிலக்கியம் படித்தவன் இதில் எப்படி வந்து சேர்ந்தேன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல முன்பு ஒரு கதை வைத்திருந்தேன். இப்போது கேட்பவரும் இல்லை. எனக்கும் அந்தக் கதை அலுத்துவிட்டது.

எங்கள் தொழிலில் ஒரு நெறி உண்டு. நிரப்புபவரின் விரல் திரையைத் தொட வேண்டிய இடங்கள் கூடக் கூட, அவர் பாதியில் விட்டுப் போவதும் கூடும். ஆகவே பெரும்பாலோர் எதைத் தேர்வார்களோ அதை நாமே முன்கூட்டித் தேர்ந்து வைத்துவிட வேண்டும். வேண்டாதவர் மாற்றிக்கொள்ளட்டும்.

எங்கள் பங்குக் கோயிலின் இணையதளத்தையும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். ஞாயிறு திருப்பலிக்குப் போவது குறைந்து, பிறகு கிறிஸ்துமஸ், ஈஸ்டர் என்றாகி, அதுவும் பின்வரிசையில் சற்று நின்று திரும்புவதாகச் சுருங்கிய காலத்தில் அந்தப் பொறுப்பை ஏற்றேன். நம்பிக்கை போய்விட்டது என்று சொல்ல முடியாது. களைத்துவிட்டது. மாலையில் வீடு திரும்பியதும் சட்டையைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சாய்ந்துவிடுவோமே, அதுபோல உள்ளே எங்கோ சாய்ந்துவிட்டது. முழங்காலிடாததற்கு ஈடாக வேலை செய்து கொடுக்கலாம் என்று எண்ணினேன்.

எங்கள் பங்கில் பல வீடுகளுக்குப் பிரான்ஸில் பிள்ளைகள் உண்டு. அங்கிருந்தே பூசைக் கருத்துக் கொடுக்க அவர்கள் வழி கேட்டார்கள். இன்னாருக்காக, இன்ன வேண்டுதலோடு, இன்ன நாள் திருப்பலியை ஒப்புக்கொடுங்கள் என்று தெரிவிப்பதுதான் கருத்து. திருப்பலி தொடங்குமுன், கோயில் வேலைகளில் பங்குத் தந்தைக்குத் துணையாயிருக்கும் உபதேசியார் அவற்றைப் பெயர் சொல்லி வாசிப்பார். நான் படிவம் அமைத்தேன். வேண்டுதலின் வகைக்கு ஒரு பட்டியல்: ஆன்ம இளைப்பாற்றி, நோயாளர் நலம், நன்றி, திருமண நாள், மற்றவை. வருவனவற்றுள் மிகப் பல இறந்தோருக்கானவை. ஆகவே ஆன்ம இளைப்பாற்றியை முதலில் வைத்து, யாரும் தொடாமலே அது தேர்வாகியிருக்கும்படி செய்தேன். அடியில் குறிப்பு எழுத ஒரு பெட்டியும் இருந்தது. சிலர் அதில் மனம் திறந்து எழுதித் தள்ளினார்கள். உபதேசியாரின் தாள் இரண்டு மூன்றாக நீண்டது. குறிப்புகள் அச்சில் வராதபடி நிறுத்தினேன். பெயரும் வகையும் மட்டும் ஒரே தாளில் அடங்கின. உபதேசியாருக்கு மகிழ்ச்சி. எனக்கும் அது நல்ல வேலையாகவே தோன்றியது.

சென்ற தவக்காலத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. காலையில் நான் பல் துலக்கிக்கொண்டிருந்தபோது உபதேசியார் கைபேசியில் அழைத்தார்.

“தம்பி, உசுரோட இருக்கிறவர செத்தவங்களோட சேத்துப் படிச்சிட்டேன்பா.”

“யார?”

“நம்ம சொல்தாவ. அவரு சம்சாரம் மூணாவது பெஞ்சில ஒக்காந்திருக்கு. நான் தாளப் பாத்துப் படிக்கிறேன். பேரு வாயிலேர்ந்து வந்தப்புறம்தான் எனக்கே ஒறைக்குது. அந்தம்மா செருப்பக்கூட மாட்டாம ஓடுது.”

பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வு பெற்றவரை எங்கள் ஊரில் சொல்தா என்போம். இவர் எங்களுக்கு அடுத்த தெருவில் வசிப்பவர், எண்பதை நெருங்கியவர். இதய வால்வு பழுதுபட்டு, அடுத்த வாரம் புதன்கிழமை அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார்கள். இனியும் தள்ளிப்போட்டால் உடல் தாங்காது என்று மருத்துவர் சொல்லியிருந்தார்.

அந்த அம்மாள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தபோது கணவர் கண்ணாடி முன் நின்று முகம் மழித்துக்கொண்டிருந்தாராம். தோளைப் பிடித்து உலுக்கிப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் அமர்ந்தவர், எழுந்ததும் முதலில் சொன்னது ஆபரேஷன் வேண்டாம் என்பது. மருத்துவமனைத் தாளில் மனைவியின் கையெழுத்தும் வேண்டியிருந்தது. பங்குத் தந்தை நேரில் சென்று, பிழை நேர்ந்துவிட்டது, இதில் தெய்வக் குறிப்பு எதுவும் இல்லை என்று எடுத்துச் சொன்னார். பாரிஸிலிருந்து மகள் தொலைபேசியில் அழுதார். “கோயில்ல பீடத்துக்கு முன்னாடி வாசிச்சது வீணா போவுமா? சாமியாரு ஆறுதலுக்குச் சொல்றாரு” என்று அம்மாள் ஒரே பிடியாக நின்றுவிட்டார்.

அலுவலகத்தில் அமர்ந்து, வந்து சேர்ந்திருந்த படிவங்களைத் திறந்தேன். மகள் அனுப்பியது கிடைத்தது. பெயரும் நாளும் பிழையின்றி இருந்தன. வகையை அவர் தொடவே இல்லை. தொட வேண்டும் என்று தோன்றியிராது. சொல்ல வேண்டியதையெல்லாம் அடிப்பெட்டியில் சொல்லியிருந்தார். நான் அச்சிலிருந்து நீக்கிய பெட்டி அது.

வியாழன் மாலை அவர்கள் வீட்டுக்குப் போனேன். சொல்தா சாய்வு நாற்காலியில் இருந்தார்.

“வா முசியே, துக்கம் விசாரிக்க வந்தியா? மாலை எங்க?”

“வாய வச்சிக்கினு சும்மா இருக்க மாட்டீங்களா?” என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

“வருசா வருசம் பென்சனுக்காக உசுரோடதான் இருக்கேன்னு பிரான்சுக்குக் காயிதம் அனுப்புறேன். அவன் நம்புறான். கூடவே குடித்தனம் பண்றவ நம்ப மாட்டேன்றா.”

அம்மாள் வந்து எதிரே அமர்ந்தார். இரண்டு இரவாக உறங்காத முகம்.

“அம்மா, அந்தப் படிவத்தச் செஞ்சது நான்தான்.”

“தெரியும், உபதேசியார் சொன்னாரு. நீ இன்னா பண்ணுவ தம்பி? ஆண்டவரு உன் கையால எழுத வச்சாரு.”

மன்னிப்பை இவ்வளவு எளிதாக யாரும் எனக்குத் தந்ததில்லை. அதை வாங்கிக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். ஆனால் வாங்கிக்கொண்டால் புதன்கிழமை இவர் மருத்துவமனைக்குப் போகமாட்டார். தெய்வத்தின் செயல் என்று ஒருவர் உறுதியாக நம்புவதை, இல்லை, என் சோம்பல் என்று மெய்ப்பிக்க வேண்டிய வேலை எனக்கு வாய்த்தது. நானோ பிரார்த்தனைக்கே தெம்பில்லாதவன்.

“ஆண்டவர் எழுத வைக்கலம்மா. ஒரு தடவ தட்டுறது மிச்சமாவட்டும்னு நானே முன்னாடி போட்டு வச்சேன். யாரும் மாத்தலன்னா எல்லாருமே செத்தவங்கதான். இப்பப் பாருங்க.”

கைபேசியில் படிவத்தைத் திறந்து என் பெயரை இட்டேன். வகையைத் தொடவில்லை. உபதேசியாரின் தாளில் அது எப்படி வரும் என்று திரையில் காட்டினேன். இறந்தோர் வரிசையில் என் பெயர் நின்றது. அம்மாள் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

“ஐயையோ, மொதல்ல அத அழிப்பா. புள்ளகுட்டிக்காரன்!”

அழித்தேன். பிறகு மகளின் குறிப்பைத் திறந்தேன். அது பிரெஞ்சில் இருந்தது. சொல்தா கைபேசியை வாங்கி, கேலியாகத் தொண்டையைச் செருமிக்கொண்டு, வரி வரியாகத் தமிழில் சொல்லத் தொடங்கினார். “அப்பாவுக்கு நல்லபடியா ஆபரேஷன் முடியணும். அம்மா தைரியசாலி மாதிரி பேசுவாங்க, உள்ள பயந்துக்கினு இருப்பாங்க. நான் பக்கத்துல இல்ல. சாமி, நீங்க…” அதற்கு மேல் அவர் படிக்கவில்லை. கைபேசியை என்னிடம் நீட்டிவிட்டு மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“இத ஏன் கோயில்ல படிக்கல?” என்றார் அம்மாள்.

“தாள்ல எடம் பத்தாதுன்னு நான்தாம்மா எடுத்துட்டேன்.”

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு இலகுவாக இருந்திருக்கும். எழுந்து உள்ளே போய், மருத்துவமனைத் தாளை எடுத்து வந்து, பேனா கேட்டார். கையெழுத்திட்டார். வாசல்வரை வந்து என்னை வழியனுப்பினார்.

“நாப்பது வருசமா, அங்க பேரு படிக்கிறப்ப ஆண்டவரு கூப்புடுறாருன்னு நெனச்சிதான் ஒக்காந்திருப்பேன். இப்ப நீ கூப்புடுறேன்னு தெரிஞ்சி போச்சி” என்றார். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. பால்காரர் இன்று வரவில்லை என்று சொல்லும் குரல்.

அறுவை சிகிச்சை நன்றாக முடிந்தது. சொல்தா இப்போது தெருமுனைவரை நடந்து, எதிர்ப்படுவோரிடமெல்லாம் தாம் உயிர்த்தெழுந்த விதத்தை விவரித்துக்கொண்டிருக்கிறார். படிவத்தில் எதுவும் முன்கூட்டித் தேர்வாகியிருப்பதில்லை, குறிப்புகளும் அச்சாகின்றன. தாள் மீண்டும் மூன்றாக நீள்கிறது என்று உபதேசியார் முணுமுணுக்கிறார். அலுவலகத்தில் பல் மருத்துவர்களுக்காக முன்கூட்டித் தேர்ந்து வைப்பதை மட்டும் விடவில்லை. விட்டால் வேலை இராது.

நாள்தோறும் காலைத் திருப்பலிக்குப் போகிறேன். பக்தி திரும்பியது என்று என் மனைவி அயலாரிடம் சொல்கிறாள், நான் மறுப்பதில்லை. உபதேசியார் வாசிக்குமுன் தாளை ஒருமுறை சரிபார்த்துக் கொடுத்துவிட்டு, தூணருகே நிற்கிறேன். மூன்றாவது பெஞ்சில் அந்த அம்மாள் இருப்பார். பெயர்கள் தொடங்கியதும் பீடத்திலிருந்து முகத்தைத் திருப்பி என்னைத் தேடுவார். எல்லாம் சரி என்று தலையசைப்பேன். ஒருநாள் கோயில் வாசலில், இனி என்னைப் பார்க்க வேண்டாம், தாள் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். “இருக்கட்டும் தம்பி, நீ தலைய ஆட்டு” என்றார். ஆட்டுகிறேன். கடைசிப் பெயர் முடியும்வரை அவர் கண் என்மேலேயே இருக்கிறது.