அப்துல் ஹையின் குதிரைப்படங்கள்

வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து வந்து சோறு தின்ற கையோடு அப்துல் ஹை பீரோவைத் திறப்பார். மேல்தட்டில் இருபத்துமூன்று வீடியோ கேசட்டுகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கும். ஒன்றை எடுத்து மடியில் குப்புறப் போட்டுக்கொள்வார். அதன் அடிப்பக்கத்தில் மிளகு நுழைகிற அளவுக்கு ஒரு ஓட்டை உண்டு. அதில் பேனா முனையை அழுத்தினால் உள்ளே ஏதோ பூட்டு விட்டு, இரண்டு சக்கரங்களும் இளகும். சுட்டுவிரலைச் சக்கரத்தின் பல்லில் கொடுத்துப் பத்துச் சுற்று சுற்றுவார். பிறகு மறு சக்கரத்தில் பத்துச் சுற்று. விரலால் தூசி துடைத்துத் திரும்ப அடுக்குவார். அடுத்தது.

நாடா ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான் காரணம். பழவேற்காட்டில் ஏரிக்காற்றுக்கு ஜன்னல் கம்பியே பொரிந்து உதிரும். கரண்டு இருக்கிற நாளில் வீடியோ மெஷினே இந்த வேலையைச் செய்துவிடும். ஆனால் அவருக்குக் கையால் செய்தால்தான் செய்தமாதிரி.

"தஸ்பீஹ் மணி உருட்டுனாகூட இந்நேரம் நன்மை சேந்திருக்கும்" என்பாள் மனைவி மஸூதா, அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே. அவர் அடுத்த கேசட்டை மடியில் போடுவார்.

சவுதியில், பாலைவனத்து எண்ணெய் கம்பெனி முகாம் ஒன்றில் எட்டு வருஷம் சமையல்காரராக இருந்தவர் அவர். எழுபத்தைந்தில் போனார், எண்பத்துமூன்றில் திரும்பினார். நடுவில் இரண்டே முறை ஊருக்கு வந்தார். வெள்ளைக்காரச் சிப்பந்திகளுக்கென்று கம்பெனி தனியாக டெலிவிஷன் நடத்தியது. அதில் தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்குப் பழைய அமெரிக்கத் தொடர்கள் வரும். கறுப்பு வெள்ளை. தொப்பி, துப்பாக்கி, குதிரை. மதியச் சட்டிகள் கழுவி முடித்து, ராத்திரி அடுப்பு பற்றவைக்கும்வரை அவருக்கென்று இருந்தது அந்த ஒரு மணி நேரம்தான்.

இங்கிலீஷில் முட்டை, காபி, இன்னும் கொஞ்சம் என்கிற அளவுக்குத்தான் அவருக்குப் பிடிபடும். அது போதுமானதாக இருந்தது. எங்கிருந்தோ ஒருத்தன் வருவான், தொப்பியைக் கழற்றுவான், சாப்பிட ஏதாவது இருக்கிறதா என்பான், போய்விடுவான். அந்த ஆட்கள் யாரும் தட்டைக் காலி செய்ததே இல்லை என்பதை அவர் முதல் மாதத்திலேயே கவனித்துவிட்டார். நாலு கரண்டி போவதற்குள் கலவரம் வந்துவிடும். சமைத்தவன் என்ன ஆனான் என்று காட்டவே மாட்டார்கள்.

எழுபத்தொன்பதில் முகாமில் பாதிப் பேர் நகை வாங்கினார்கள். அவர் வீடியோ மெஷின் வாங்கினார். தொடர்களைப் பதிய ஆரம்பித்தார். கேசட்டின் முதுகில் தொடரின் பெயரை எழுதவில்லை. அன்றைக்கு ஊரிலிருந்து வந்த சேதியை எழுதினார். 'வாப்பா மௌத்தான கடிதம்.' 'மஸூதாவுக்குக் கண் ஆபரேஷன்.' 'பரீதா பிறந்த தந்தி.' பின்னால் எடுத்துப் பார்க்கும்போது எந்த நாள் என்று தெரிய வேண்டுமே.

ஊருக்கு வந்த பிறகு மஸூதா அந்தப் படங்களைப் படமாகப் பார்த்ததே இல்லை. டிவிக்குப் பாதி முதுகு காட்டி உட்கார்ந்து, முதுகில் எழுதியிருப்பதை மட்டும் கேட்பாள்.

"இது எந்த நாளுங்க?"

"பரீதா பொறந்த தந்தி வந்த நாளு."

"அன்னிக்கு இன்னா பண்ணிங்க?"

"இன்னா பண்றது, எரநூறு பேருக்குக் கறி. தந்திய சட்டைல வெச்சிக்கினு பிரிக்கப் பயந்துகினு உக்காந்திருந்தேன். தோ, பாலத்துல குதிரைய நிறுத்துறான் பாரு, அப்போதான் பிரிச்சேன்."

மஸூதா திரும்பிப் பாலத்தைப் பார்த்தாள். "இன்னொரு தபா போடுங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அந்த வீட்டில் மகள் பரீதா பாலத்தில் பிறந்தவள் ஆகிவிட்டாள். அந்த எட்டு வருஷத்தை அவர் இப்படித்தான் மனைவிக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்துக்கொண்டிருந்தார். கொடுப்பதற்கு வேறு எதுவும் அவரிடம் இல்லை. முகாமில் யாரும் சமையல்காரனைப் போட்டோ எடுக்கவில்லை.

கடலோரக் குப்பத்துச் சடையன் மட்டும் குதிரைக்காகவே வருவான். அப்துல் ஹைக்குச் சின்ன வயதுச் சிநேகிதன். விடியக் கடலுக்குப் போய் வந்து, வலையை உலரப் போட்டுவிட்டு, ஈர லுங்கியோடு வாசற்படியில் உட்காருவான். உள்ளே வரச் சொன்னால் வர மாட்டான்.

"பாய், இவன் கயிறு வீசுறான் பாரு. மணிக்கட்டே திரும்பல. இவன் வீச்சு வலை போட்டான்னா தண்ணில இவனேதான் விழுவான்."

"மாடு மாட்டுதேடா."

"மாடு மாட்டும். மாட்டுக்கு இன்னா தெரியும்? கெழங்கா மீன்கிட்ட வரச் சொல்லு."

எண்பத்துநாலு ஐப்பசிக் கடைசியில் புயல் வந்தது. தண்ணீர் ஏறுகிறது என்றதும் அப்துல் ஹை டிவியையும் மெஷினையும் ஒவ்வொன்றாகத் தலையில் வைத்து எதிர்வீட்டு மாடியில் கொண்டுபோய் வைத்தார். மூன்றாம் நடையில் பரீதாவைத் தூக்கினார். கேசட்டுகள் பீரோவின் மேல்தட்டில்தானே இருக்கின்றன, அவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் வராது என்று நினைத்தார். வரவில்லைதான். பீரோ குப்புற விழுந்திருந்தது. ஒன்றரை நாள் அவை ஏரித் தண்ணீரில் கிடந்தன. முதுகில் எழுதியிருந்த மை ஒன்றில்கூட மிச்சமில்லை. இருபத்துமூன்றும் ஒரே மாதிரி இருந்தன.

நாலாம் நாள் சடையன் நடந்தே வந்தான். அவனுடைய கட்டுமரம் போன இடம் தெரியவில்லை. அதைப்பற்றி இரண்டே வார்த்தை சொன்னான். பிறகு முற்றத்தில் குவித்திருந்த கேசட்டுகளைக் காலால் தள்ளாமல் குனிந்து ஒன்றை எடுத்து உலுக்கினான். சேறு சொட்டியது.

"குப்பைல போட்டுடலாம்னு எடுத்து வெச்சேன்" என்றார் அப்துல் ஹை.

"உப்புதான் பாய் அரிக்கும். வலைய இன்னா பண்றோம்? நல்ல தண்ணில அலசி நெழல்ல போட்டா பொழைச்சிக்கும். இதுவும் நூலாட்டம்தான கீது."

நல்ல தண்ணீர் அப்போது ஊரில் இல்லை. கிணறுகள் எல்லாம் கரித்தன. லாரி வரும் இடத்தில் விடியலிலிருந்து நின்றால் இரண்டு குடம். மஸூதா அதில் ஒரு குடத்தை எடுத்துவந்து சடையன் பக்கத்தில் வைத்தாள்.

"குடிக்க வெச்சிக்கம்மா" என்றான் அவன்.

"அலசுங்கண்ணே" என்று மட்டும் சொன்னாள். அதன் பிறகு தினமும் ஒரு குடம் கொண்டுவந்து வைத்தாள்.

வேலை முடிய எட்டு நாள் ஆயிற்று. ஒவ்வொரு கேசட்டிலும் ஐந்து திருகாணி. கழற்றிய திருகாணிகளை மஸூதா தேங்காய்ச் சிரட்டைகளில் தனித்தனியாகப் போட்டு வைத்தாள். சடையன் சக்கரத்திலிருந்து நாடாவைப் பிரித்து, தண்ணீரில் இழுத்து, வலை உலர்த்தும் மூங்கில்களைக் கொண்டுவந்து கொட்டகைக்குள் கட்டி, மடிப்பு மடிப்பாகத் தொங்கவிட்டான். கொட்டகை முழுக்கக் கறுப்பாக ஆடியது. காய்ந்ததும் நாடாவின் முனையைச் சக்கரத்தில் மாட்டி, முதல் சுற்றில் ஒரு அரை முறுக்குக் கொடுத்துச் சுற்ற ஆரம்பிப்பான். முறுக்குக் கொடுத்தால் நழுவாது. எந்தக் கயிற்றைச் சுற்றினாலும் அவன் கை அப்படித்தான் செய்யும்.

"பக்கம் ஏதாவது பாத்துச் சுத்தணுமாடா?" என்று முதல் நாளே அப்துல் ஹை கேட்டார்.

"வலைக்கு ஏது பாய் உள்பக்கம் வெளிப்பக்கம்?"

அதுவும் சரியாகத்தான் பட்டது. இருபத்துமூன்றும் சுற்றி முடிந்தன. ஓட்டிப் பார்த்துத்தான் எது எந்த நாள் என்று எழுத வேண்டும். புதுப்பேனா ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார்.

இருபது நாள் கழித்துக் கரண்டு வந்தது. முதல் கேசட்டைப் போட்டார்கள். திரை முழுக்க வெள்ளைப் பொரி, எண்ணெயில் தண்ணீர் விழுந்தமாதிரி இரைச்சல். சடையன் வாசற்படியிலிருந்து எழுந்து அன்றுதான் உள்ளே வந்து பார்த்தான்.

"புயலு இன்னும் உள்ளதான் கீது, பாய்" என்றான்.

நடுவில் எங்காவது படம் தெரிந்துவிடுமோ என்று அப்துல் ஹை ஒவ்வொன்றையும் கடைசிவரை ஓடவிட்டார். தினம் இரண்டு, கரண்டு நின்றால் ஒன்று. சடையன் மூன்று கேசட்டுக்குக் கூட இருந்தான். பதினொன்றாவதில் மஸூதா, "போதும்ங்க" என்றாள்.

"இன்னும் பன்னெண்டு கீது."

அந்தப் பன்னிரண்டையும் பார்த்தார். கடைசிக் கேசட் ஓடி முடிந்ததும் அதை வெளியே எடுக்காமலே சுவிட்சை அணைத்து, மெஷின்மேல் துணியைப் போட்டார். பேனாவைப் பரீதாவிடம் கொடுத்துவிட்டார்.

"நான் கை வெக்காம இருந்திருந்தா..." என்று சடையன் ஒருநாள் ஆரம்பித்தான்.

"நீ கை வெக்கலன்னா அன்னிக்கே குப்பைக்குப் போயிருக்கும். சும்மா இரு."

தை மாதம் கடற்கரையில் இறால் காயவைக்கிற வேலம்மா வந்து, "காக்கா தொல்ல தாங்கல பாய், அந்தக் கறுப்பு நாடா பளபளன்னு கீதாமே" என்று கேட்டாள். இருபத்திரண்டையும் எடுத்துக் கொடுத்தார். அவள் குச்சி நட்டு, குறுக்கும் நெடுக்குமாக இழுத்துக் கட்டினாள். காற்று அடித்தால் அது ஓயாமல் உறுமும். காக்கை வரவில்லை என்று வேலம்மாவுக்குத் திருப்தி. மஸூதா அதற்குப் பிறகு அந்தப் பக்கமாக நடப்பதை விட்டாள். அப்துல் ஹை நடந்தார். நின்று பார்த்தது கிடையாது.

வெள்ளிக்கிழமைகளில் சோறு தின்ற பிறகு அவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சில நாள் பீரோவைத் திறந்து, மேல்தட்டில் மஸூதா மடித்து வைத்திருக்கும் போர்வைகளைப் பார்த்துவிட்டு மூடுவார். "இது எந்த நாளுங்க?" என்று யாரும் கேட்கவில்லை. அவராகவும் எதுவும் சொல்லவில்லை. பாலத்தைப் பற்றிப் பரீதாவுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது, அவ்வளவுதான்.

எண்பத்தேழில் பொன்னேரியில் வீடியோ கடை வைத்திருந்த கோதண்டம் வந்து மெஷினை எடுத்துப் போனார். மறு வருஷம் நோன்பு மாதத்தில், லுஹர் தொழுகைக்குக் கைகால் கழுவி ஒளு செய்ய உட்கார்ந்த இடத்திலேயே அப்துல் ஹை சாய்ந்தார். அடக்கத்துக்குத் தூக்கியவர்களில் சடையனும் ஒருவன்.

கோதண்டம் அந்த வீட்டுக்கு வந்து ஒரு விஷயத்தைச் சொன்னது அதற்கும் ஒரு வருஷம் பின்னால்தான். சடையனுக்கு இன்றுவரை யாரும் சொல்லவில்லை. அதுவரை கடை மூலையில் கிடந்த மெஷினைத் துடைப்பதற்காகத் திறந்தபோது உள்ளே ஒரு கேசட் இருந்ததாம். நாடாவைப் பார்த்ததுமே அவருக்குத் தெரிந்துவிட்டது. படம் பதிவது அதன் ஒரு பக்கத்தில்தான். அந்தப் பக்கம் உள்ளே போய், வெறும் பக்கம் வெளியே வருகிறமாதிரி யாரோ சுற்றியிருந்தார்கள். இரண்டு முனைகளையும் கழற்றி, முறுக்கை எடுத்துவிட்டுத் திருப்பிச் சுற்றி ஓட்டினார். நடுவில் பாங்கு நேரத்தில் ஒரு பள்ளிவாசல் படம் வந்து போனதாம். மற்றபடி முழுக்கக் குதிரைகள்தான், ஒரு கீறல்கூட இல்லாமல்.