டோக்கன் கட்டிய ஆமைகள்

என் வீட்டுக்காரர் ஆர்தர் நல்லவர். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இல்லையென்றால் நான் சொல்லப்போவதைக் கேட்டுவிட்டு அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிடுவீர்கள். நல்லவராக இருந்துகொண்டே என் உயிரை வாங்குகிறார், அவ்வளவுதான்.

தங்கச் சுரங்கம் ஓடிய காலத்தில் ஷாஃப்ட் வாசலில் டோக்கன் கொடுக்கிற வேலை அவருக்கு. கீழே இறங்குகிற ஒவ்வொருவருக்கும் நம்பர் அடித்த பித்தளை வில்லை ஒன்று கொடுப்பார். ஷிப்ட் முடிந்து மேலே வந்ததும் அதைத் திருப்பித் தரவேண்டும். ஒரு வில்லை வரவில்லை என்றால் ஓர் ஆள் இன்னும் கீழேயே இருக்கிறான் என்று அர்த்தம். அந்த ஆள் ஏறி வரும்வரை இவர் வீட்டுக்கு வரமாட்டார். சுரங்கத்தை மூடி இத்தனை வருடமாகியும் அந்தப் புத்தி போகவில்லை.

கொஞ்ச வருடம் முன்பு, தங்கம் பிரித்த மண்ணைக் கொட்டிவைத்த சயனைட் மேட்டுப் பக்கம் ரோட்டைக் கடந்த நட்சத்திர ஆமை ஒன்றை, லாரியில் அடிபடப்போகிறதே என்று தூக்கிக்கொண்டு வந்தார்.

"காலைல வுட்டுட்றேன் மரியா" என்றார். மரியகுழந்தை என்ற என் முழுப்பேரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

காலை வந்தது, ஆமை போகவில்லை. தனியாகக் கிடக்கிறதே பாவம் என்று ஜோடி ஒன்றைத் தேடிப் பிடித்துக்கொண்டு வந்தார். அப்புறம் என்ன, முட்டையும் குட்டியுமாக வீட்டுப் பின்பக்கமே நிறைந்துபோயிற்று. துணி காயப்போடப் போனால் காலை எங்கே வைப்பதென்று தெரியாது.

"இன்னாங்க இது? வீடா, ஜூவா?"

"அழிஞ்சிக்கினு வர்ற ஜாதி மரியா. நான் பெருக்கி வுடுறேன். கொஞ்சம் பெருசாவட்டும், எல்லாத்தையும் காட்ல வுட்டுட்றேன்."

மழை வரட்டும் என்பார். மழை வந்தால் குளிர் போகட்டும் என்பார். குளிரும் போனால், இந்த வெயிலிலா விடச் சொல்கிறாய் என்று என் மேலேயே பாய்வார். நான் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

குட்டிகள் வளர வளர எண்ணிக்கை குழம்பியது. எதுவோ காணாமல் போகிறது என்று அவருக்குத் தூக்கமில்லை. ஒருநாள் கை டிரில்லை எடுத்து உட்கார்ந்துகொண்டார். வளர்ந்த ஒவ்வொன்றின் ஓட்டு விளிம்பிலும் ஓட்டை போட்டு, சுரங்கத்திலிருந்து எடுத்துவைத்திருந்த பழைய பித்தளை வில்லையைக் கம்பியில் கோத்துக் கட்டிவிட்டார். சாயங்காலம் எல்லா நம்பரையும் பார்த்த பிறகுதான் டீயே குடிப்பார். நகம் வெட்டுகிற மாதிரிதான், வலிக்காது என்றார். நானும் நம்பித் தொலைத்தேன்.

இந்த வருடம் பெங்களூரிலிருந்து வந்த எங்கள் மகள் ஷில்பா கத்தித் தீர்த்துவிட்டாள். "டாடி, இத வீட்ல வெச்சிருந்தாலே ஜெயில். தெரியுமா?"

நானும் சேர்ந்துகொண்டேன். "ஒண்ணு அதுங்க இருக்கணும், இல்ல நான் இருக்கணும். சொல்லுங்க."

யோசித்தார். மனுஷன் உட்கார்ந்து யோசித்தார்! அதை நான் இன்னும் மன்னிக்கவில்லை. கடைசியில், காட்டில் விடுவதாக இருந்தால் கொடுக்கிறேன் என்று ஒத்துக்கொண்டார்.

வனத்துறை ஆட்களோடு கால்நடை டாக்டர் ஷைலஜா வந்தார். முதல் ஆமையைத் தூக்கியதுமே அவர் முகம் மாறிவிட்டது.

"யார் அங்கிள் ஓட்டை போட்டது?"

"நான்தாம்மா" என்றார் இவர், பெருமையாக. "ஒண்ணுகூட தவறக்கூடாது பாருங்க. நகம் வெட்ற மாதிரிதான், வலிக்காது."

"இது நகம் இல்ல அங்கிள். உயிருள்ள எலும்பு. ரத்தம் ஓடுது. நல்லா வலிச்சிருக்கும். இங்க பாருங்க, சீழ் வெச்சிருக்கு."

இவர் கொசுவைக்கூட விரட்டிவிடுவாரே தவிர அடிக்கமாட்டார். எனக்கு அவரைத் திட்டவும் தோன்றியது, கட்டிப்பிடித்துக்கொள்ளவும் தோன்றியது.

"புண்ணு ஆறினப்புறம் காட்ல வுட்டுடுவீங்க இல்ல?" என்று கேட்டார் ஆர்தர்.

"நீங்க ரோட்ல புடிச்ச ரெண்டையும் பாக்கலாம். இங்க பொறந்தத விட முடியாது. கடைசி வரைக்கும் கூண்டுதான்."

"ஏம்மா? நல்லாத்தானே கீதுங்க?"

டாக்டர் ஒரு குட்டியைத் தரையில் விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். அது நேராக அவர் காலடிக்கே வந்தது.

"ஆளப் பாத்தா ஓட்டுக்குள்ள போவணும் அங்கிள். இது கிட்ட வருது. திருடிக்கினு போறவன் வந்தாலும் இப்படித்தான் போய் நிக்கும்."

ஆர்தர் காலை ஓங்கித் தரையில் மிதித்தார். "போ! ஓடு! கிட்ட வராத, போ!" என்று அந்தத் தெருவே கேட்கும்படி கத்தினார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை.

ஆனால் அவை பிறந்ததிலிருந்து தீனி வைக்கிற குரல் அதுதானே. மூலையில் தூங்கிக்கொண்டிருந்ததுகூடத் தலையை நீட்டியது. ஒன்றன்பின் ஒன்றாக அவரைப் பார்த்து நடக்க ஆரம்பித்தன.

"போதும், நிறுத்துங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. அவர் கத்தக் கத்த, அவை வந்துகொண்டே இருந்தன.