பாணேர் வயலில் ஒரு முடிச்சும் இல்லை

பம்பாய் வண்டி புனாவில் நின்றபோது விடிகாலை மழை கொட்டிக்கொண்டிருந்தது. எண்பதுகளின் தொடக்கம், ஆவணி மாதம். ஊட்டியிலிருந்து நான் இழுத்து வந்த சாக்கு மூட்டையைத் தூக்கிப் பார்த்த போர்ட்டர், "உள்ளே என்ன?" என்று இந்தியில் கேட்டான். மண் என்றேன். தலையில் அடித்துக்கொள்ளாத குறை. அவனைச் சொல்லித் தப்பில்லை. சதுப்பு மண்ணை ரயிலேற்றிக் கொண்டுவரும் கிறுக்கன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

லோக்கல் பிடித்துத் தாபோடியில் இறங்கினேன். என் அக்கா கிரேஸின் வீட்டுக்காரர் செல்லத்துரை அத்தான் ஸ்டேஷனுக்கே வந்திருந்தார். நாசரேத்துக்காரர். நல்ல தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, வீட்டுக்குப் பின்னால் தகரக் கொட்டகை போட்டு ரைசோபியம் பாக்கெட் தயாரிக்கிறார். சோயா, பயறு வகைச் செடிகளின் வேரில் குடியேறி முடிச்சுப் போட்டு, காற்றிலிருந்து தழைச்சத்து எடுத்துக்கொடுக்கும் நுண்ணுயிர் அது. விதையோடு பிசறி விதைக்க வேண்டும். அதுவரை உயிரோடிருக்க அதற்கு ஈரமான ஒரு தூள் வேண்டும். முன்பு கரித்தூளில் கலந்தார். கரி காய்ந்து, பாக்கெட்டுக்குள்ளேயே எல்லாம் செத்துப்போய்க் கெட்ட பெயர் வாங்கினார். என் ஊட்டி மண் ஈரத்தை விடாது. போன தடவை நான் கொண்டுவந்த மண்ணில்தான் இந்தத் தடவை கலந்திருந்தார்.

"இன்னைக்குத்தான் தீர்ப்பு, மாப்ளே," என்றார். தாபோடிக்குப் பால் ஊற்ற வரும் பாண்டுரங்குக்குப் பாணேரில் வயல். அங்கே சோயா வேரைப் பார்க்கக் கூட்டுறவுச் சங்க அதிகாரி வருகிறார். முடிச்சு இருந்தால் சங்கம் பாக்கெட்டை வாங்கும். இல்லையென்றால் கொட்டகையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அக்கா அதே பாக்கெட்டைக் கலந்து வாசல் தொட்டிகளில் சோயா போட்டிருந்தாள். ஒரு செடியைப் பிடுங்கி அலசிக் காட்டினாள். வேர் முழுக்க மிளகு அளவு முடிச்சுகள். கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பு. அப்படியென்றால் உயிரோடு வேலை செய்கிறது. "பாத்தியாடே? ஆண்டவர் கண்ணத் தொறந்துட்டாரு," என்றாள். எனக்கும் வாயெல்லாம் பல்.

மதியம் ஸ்கூட்டரில் கிளம்பினோம். சாங்வி, ஔந்த் தாண்டிப் பாணேர். எட்டு ஒன்பது கிலோமீட்டர்தான், ஆனால் சேற்றில் உயிர் போய்விட்டது. வயலைத் தூரத்தில் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஊட்டி மண் பாக்கெட் ஒரு பட்டை, கரி பாக்கெட் ஒரு பட்டை, ஒன்றுமே கலக்காதது ஒரு பட்டை. மூன்றும் ஒரே மஞ்சள். அத்தான் மண்டி போட்டு ஒரு செடியைப் பெயர்த்து வாய்க்காலில் அலசினார். மொழுக்கென்று வேர். அடுத்த செடியும் அப்படித்தான். "போதும்," என்று அதிகாரி சொன்ன பிறகும் பெயர்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கச் சகிக்கவில்லை.

பாண்டுரங்கின் மனைவி சுமன்பாய் டீ கொண்டுவந்தாள். பாக்கெட்டை எப்படிக் கரைத்தீர்கள் என்று அத்தான் மராட்டியில் கேட்டார். அவள் சொன்னதை எனக்குத் தமிழில் சொன்னார்.

"நீங்க சொன்னபடிதான், அண்ணா. சுத்தமான பாத்திரத்துல கரைக்கணும்னு போட்டிருந்ததே. விதை லட்சுமி இல்லையா? கல்யாணத்துக்கு அம்மா கொடுத்த தாமிர ஹண்டாவைப் புளி போட்டு விளக்கி, ராத்திரியே வெல்லத் தண்ணியில கரைச்சு மூடி வெச்சேன். காலையில விதையில பிசறினோம்."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. ராத்திரி முழுக்க வெல்லத் தண்ணீர் தாமிரத்தில் புளித்தால் களிம்பு இறங்கும். அதில் எந்த நுண்ணுயிர் பிழைக்கும்? அக்கா கலந்தது பீங்கான் கிண்ணத்தில். 'சுத்தமான பாத்திரம்' என்று பாக்கெட்டில் அச்சடித்ததோ அத்தான். இந்த வீடுகளில் தாமிரத்தைவிடச் சுத்தமான பாத்திரம் ஏது!

ஜீப்பில் ஏறப்போன அதிகாரியிடம் ஓடிப்போய், எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் கொட்டினேன். தாமிரம் கூடாது என்று அச்சடித்துவிடுகிறோம் என்று கெஞ்சினேன். மனுஷன் பொறுமையாகத்தான் கேட்டார்.

"முதலில் கரியில் கோளாறு என்றீர்கள். இப்போது பாத்திரத்தில் என்கிறீர்கள். என் வீட்டிலும் தாமிர ஹண்டாதான், எத்தனை வீட்டில் போய்ச் சொல்வீர்கள்? இனி நான் வாயைத் திறந்தால் கமிட்டியில் சிரிப்பார்கள்."

ஜீப் போய்விட்டது. அவர் என்ன சொன்னார் என்று சுமன்பாய் கேட்டாள். "ஒண்ணுமில்லை, அண்ணி. இந்த வருஷம் மழை ஜாஸ்தி. அதான்," என்றார் அத்தான்.

திரும்பும் வழியில் எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "ஏன் அத்தான் பொய் சொன்னீங்க?"

"வெள்ளாமை போச்சு. அது அவ கையாலதான் போச்சுன்னு வேற அவளுக்குத் தெரியணுமா, மாப்ளே?"

மறுநாள் சாயங்காலம் எனக்கு வண்டி. நான் கொண்டுவந்த மூட்டையை அத்தான் பிரிக்காமலே தூக்கிவந்து என் காலடியில் தள்ளினார். "கொண்டு போயிருடே. வீட்ல கெடந்தா உங்க அக்கா அதப் பாத்துப் பாத்து அழுவா." பிறகு பிளாட்பாரத்தில் இறங்கி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி ஊதியதும் சொன்னார்.

"காலைல பாண்டுரங் பால் ஊத்த வந்தான். அடுத்த வருஷம் மழை கொறஞ்சா நல்லா வரும்லா, ரெண்டு பாக்கெட் கூடக் குடுங்கன்னு சுமன்பாய் சொல்லிவிட்டுருக்கா. ஹண்டாவ இப்பவே வெளக்கிக் கவுத்தி வச்சிட்டாளாம்."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"தாரேன்னு சொல்லிட்டேன்," என்றார்.